உழக்கெண்ணெய்க் கோயிலும் கலங்கரை விளக்கமும்

மகாபலிபுரம் கலங்கரை விளக்கத்துக்குப் போறவங்க டிக்கெட் எடுத்து, மூச்சு வாங்கப் படியேறி, கடலைப் பார்த்து நாலு போட்டோ எடுத்துட்டு இறங்கிடறாங்க. பக்கத்துப் பாறை உச்சியில தலையில்லாம நிக்கற கருங்கல் கோயிலை அதிகம் பேர் கண்டுக்கறதில்லை. எனக்கென்னவோ பார்க்க வேண்டியதே அதுதான்னு படுது.

அறுவடை முடிஞ்ச கையோட வீட்டோட கார்ல கிளம்பிப் போயிருந்தோம். அந்தக் கோயிலுக்கு ஒலக்கண்ணேசுவரர் கோயில்னு பேர். ராஜசிம்ம பல்லவன் காலத்தது, 8ஆம் நூற்றாண்டு. அதுக்கு நேர் கீழேதான் மகிஷாசுரமர்த்தினி குகை. விமானத்தின் மேல்பகுதி எப்பவோ போயிடுச்சு. பூசையும் இல்லை. ஆனா தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி இன்னும் உட்கார்ந்திருக்கார்.

1887இல் வெள்ளைக்காரன் ஆட்சியில கப்பலுக்கு வழிகாட்ட முதல் விளக்கை ஏத்தினது இந்தக் கோயில் தலைமேலதான். தனிக் கோபுரம் கட்டி 1904இல் முழுசா இயங்க ஆரம்பிச்ச பிறகுதான் கோயிலுக்கு அந்த வேலையிலிருந்து விடுதலை. சாமி இல்லாத கோயில்தானேன்னு நினைச்சிருப்பாங்க போல. கோபம் வருது. ஆனா, உபயோகத்துல இருந்ததாலதான் அதன் கல்லை யாரும் பேர்த்துட்டுப் போகலையோன்னும் தோணுது.

பேருக்கு ஒரு கதை சொல்றாங்க. வீட்டுக்கு ஒரு உழக்கு எண்ணெய் கொடுத்து ஊரே விளக்கு எரிச்சதாம். 'உழக்கெண்ணெய் ஈசுவரர்'தான் இப்படித் திரிஞ்சதாம். நகரத்துல இருக்கறவங்களுக்கு: நாலு உழக்கு ஒரு படி. எள்ளு விதைச்சுச் செக்குல ஆட்டினவனுக்குத்தான் ஒரு உழக்கு எண்ணெயோட கனம் தெரியும். ஆனா கருவறைக்குள்ள எரியற திரி நடுக்கடல் வரைக்கும் தெரியாது. பகல்ல மாலுமிகளுக்கு அடையாளம் கோயில் உச்சிகள்தான். இந்த ஊரையே 'ஏழு கோயில்கள்'னுதான் ஐரோப்பிய மாலுமிகள் சொன்னாங்க.

பல்லவர்களுக்கும் முந்தின பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்றுங்கற துறைமுகம் வருது. அங்கே ஏணி சாத்தி ஏற வேண்டிய உயரமான மாடத்துல, ராத்திரி கப்பல்களுக்காக விளக்கு எரியுது. அந்த ஊர் இதுதான்னு சொல்ற ஆய்வாளர்கள் உண்டு. அப்படின்னா வெள்ளைக்காரன் இங்கே புதுசா எதையும் தொடங்கலை.

நீங்க போனா முதல்ல பாறைப் படியேறி அந்தக் கோயிலைச் சுத்திட்டு வாங்க. கலங்கரை விளக்கத்துல அப்புறம் ஏறலாம். மதிய வெயில்ல மட்டும் வேண்டாம், பாறை காலைச் சுட்டுடும்.