புனிதம் என்னும் சொல்லும் கோயில் நிலமும்

தமிழில் ‘திரு’ என்னும் ஓர் அடைமொழியே இறைமையோடு தொடர்புடைய அனைத்தையும் சிறப்பிக்கும். திருக்கோயில், திருமதில், திருவாயில், திருநீறு என வழங்குதல் மரபு. பண்டைய உரோமரோ தம் இலத்தீன் மொழியில் புனிதத்தை மூன்று சொற்களாகப் பகுத்துரைத்தனர்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் கேயஸ் அவற்றை விளக்குகிறார். மேலுலகத் தெய்வங்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது ‘சாக்கெர்’. இறந்தோரின் ஆவிகளுக்கு உரிய அடக்கநிலம் ‘ரெலிகியோசுஸ்’. நகரின் மதிலும் வாயிலும் ‘சாங்க்டுஸ்’. மீறலாகாதெனச் சட்டம் காப்பவை என்பது பொருள்.

இம்மூன்றாம் சொல் மலாக்காவுக்குப் புதிதன்று. 1511இல் இந்நகரைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் கோட்டை எழுப்பினர். 1807இல் ஆங்கிலேயர் அதனை இடித்தபோது தப்பிய வாயிலின் பெயர் ‘போர்ட்டா டி சந்தியாகோ’. தூய யாக்கோபைக் குறிக்கும் அப்பெயரின் முற்பகுதி ‘சாங்க்டுஸ்’ என்பதன் திரிபே. தமிழ்க் கத்தோலிக்கர் வணங்கும் ‘சந்தியாகப்பர்’ என்னும் பெயரும் அவ்வழி வந்ததாகும்.

உரோமச் சட்டத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. மக்களின் அதிகாரம் பெற்று, சட்டத்தாலோ ஆட்சி மன்றத் தீர்மானத்தாலோ அர்ப்பணிக்கப்பட்ட இடமே ‘சாக்கெர்’ ஆகும். தனியொருவர் பக்தியால் மட்டும் நிறுவிய இடம், சட்டத்தின் பார்வையில் புனிதத் தலமாகாது.

இவ்வேறுபாட்டை மலாக்கா மாநிலத் தமிழர் தம் வாழ்விலேயே கண்டனர். 1781இல் தெய்வநாயகம் செட்டி, டச்சு ஆட்சியினர் வழங்கிய நிலத்தில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தை எழுப்பினார். அஃது இன்றும் நிலைத்து நிற்கிறது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்ட பின்னர்த் தோட்டங்கள் பெருகின. அங்கே தொழிலாளர்கள் மாரியம்மனையும் முனீஸ்வரரையும் தோட்ட நிறுவனங்களின் நிலத்திலேயே நிறுவி வழிபட்டனர். வாய்மொழி இசைவே பல இடங்களில் ஆதாரமாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறியபோது, தலைமுறைகளாக விளக்கேற்றிய இடத்திற்கு உரிமைச் சான்று காட்ட இயலாத நிலை பல கோயில்களுக்கு ஏற்பட்டது.

முறைப்படி புனிதமாக்கப்பட்ட இடம், கட்டடம் இடிந்தாலும் புனிதமாகவே நிற்கும் என்றார் மூன்றாம் நூற்றாண்டின் உரோமச் சட்ட அறிஞர் மார்சியன். அத்தகைய முறையே தோட்டக் கோயில்களுக்குக் கிட்டாமற் போயிற்று.

குடமுழுக்கு ஆலயத்திற்கு அருளைச் சேர்க்கும். நிலப்பட்டாவும் பதிவும் அதற்கு மதிலாக நின்று காக்கும். இவ்விரண்டையும் ஒருசேரப் பேணுவதே ஆலய நிருவாகத்தினரின் திருத்தொண்டாகும்.