எல்லை கடந்த கன்று: மேற்கு மலைச் சரிவுகளில் வாழை முடிக்கொத்து நோயின் வரலாறு

1. முன்னுரை

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய மாவட்டங்கள் தமிழகத்தோடு நெடிய எல்லையை உடையவை. பாலக்காட்டுக் கணவாய் கோவை, பொள்ளாச்சி வட்டாரங்களை மலைக்கு மேற்கேயுள்ள நிலத்தோடு இணைக்கிறது. இடுக்கிப் பகுதியில் சின்னாறு, போடிமெட்டு, குமுளி ஆகிய மலைவழிகள் முறையே உடுமலை, போடி, கம்பம் ஆகிய ஊர்களிலிருந்து மேலேறிச் செல்கின்றன. இவ்வழிகளில் அரிசியும் உப்பும் கிழக்கிலிருந்து ஏறியதும், மிளகும் ஏலமும் மேற்கிலிருந்து இறங்கியதும் பலரால் எழுதப்பெற்றுள்ளன. அவற்றோடு வாழைக் கன்றும் பயணம் செய்தது. கன்றோடு ஒரு நோயும் பயணம் செய்தது. இப்பயணம் போதிய அளவு கவனிக்கப்பெறவில்லை.

முடிக்கொத்து நோய் இம்மலைச் சரிவுகளின் வாழைத் தோட்டங்களை எவ்வாறு பாதித்தது, அதனைத் தீர்க்க எடுக்கப்பெற்ற முயற்சிகள் யாவை, அவை ஏன் ஓரளவே வெற்றி பெற்றன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு பயிர்நோயின் வரலாறு அப்பயிரைப் பேணிய மக்களுடைய பழக்கங்களின் வரலாறுமாகும் என்பது இதன் அடிப்படைக் கருத்து.

2. பெயர்கள்

நோயுற்ற வாழையில் புதிய இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இத்தோற்றம் பற்றியே தமிழில் இந்நோய் 'முடிக்கொத்து' எனப்படுகிறது. மலையாளத்தில் இதனைக் 'குறுநாம்பு' என்பர். 'நாம்பு' என்பது அம்மொழியில் விரியாத இளங்குருத்தைக் குறிக்கும். குறுகிய குருத்து என்பது சொல்லின் பொருள். தமிழ்ப்பெயர் இலைகள் நெருங்கிய முடியைச் சுட்டுகிறது. மலையாளப் பெயர் வளராது நின்ற குருத்தைச் சுட்டுகிறது. ஒரே நோயின் இரு கூறுகளை இரு மொழியாரும் தனித்தனியே கண்டு பெயரிட்டுள்ளனர் எனலாம். இரண்டுமே உழவனின் கண் கண்ட பெயர்கள்.

இவ்விரு பெயர்களும் சுட்டும் நிலை நோய் முற்றிய நிலையாகும். அதற்கு முன்பே இலைக்காம்பிலும் நடுநரம்பின் அடிப்பகுதியிலும் கரும்பச்சை நிறத்தில் புள்ளிகளும் சிறு கோடுகளும் தோன்றும். தந்திக் குறிப்பில் புள்ளியும் கோடும் மாறிமாறி வருவது போன்றவை அவை. பெயர் சூட்டப்பெற்ற அடையாளத்துக்காகக் காத்திருந்தவர்கள் இம்முதல் அடையாளத்தைத் தவற விட்டனர். இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று.

3. நோய் வந்த வழி

இந்நோய் முதலில் பதிவு செய்யப்பெற்றது பசிபிக் கடலிலுள்ள பிஜித் தீவில், 1889இல் ஆகும். 1913இல் இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும் அது காணப்பட்டது. ஏறத்தாழ 1940இல் இலங்கையிலிருந்து திருவிதாங்கூரின் கோட்டயம் பகுதிக்கு வந்தது என்பர். இன்றைய இடுக்கி மாவட்டம் 1972இல் உருவாக்கப்பெற்றபோது தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு ஆகிய வட்டங்கள் கோட்டயம் மாவட்டத்திலிருந்தே பிரித்தெடுக்கப்பெற்றன. ஆகவே நோய் இறங்கிய இடத்துக்கும் மலைநாட்டுக்கும் நிர்வாகத் தொடர்பும் போக்குவரத்துத் தொடர்பும் அக்காலத்திலேயே இருந்தன.

கடல் கடந்து இந்நோய் வந்த வழி கன்றேயாகும். நாம் உண்ணும் வாழைக்கு முளைக்கத்தக்க விதையில்லை. தாய்மரத்தின் கிழங்கிலிருந்து தோன்றும் பக்கக் கன்றே அடுத்த தலைமுறை. கன்று தாயின் சுவையையும் மணத்தையும் மாறாது கொண்டு வரும். தாய்க்குள் நச்சுயிரி இருப்பின் அதனையும் மாறாது கொண்டு வரும். ஓர் இனத்தைத் தூய்மையாகக் காக்கும் வழியும் அதன் நோயைக் காக்கும் வழியும் இங்கு ஒன்றாகிவிடுகின்றன.

4. நோயின் இயல்பு

இந்நோயைப் பற்றிய முதல் தெளிவு ஆஸ்திரேலியாவில் பிறந்தது. 1920களில் அந்நாட்டின் கிழக்குக் கரையோர வாழைத் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்த நிலையில், சி.ஜே. மகீ என்பார் நோயின் காரணத்தை ஆராய்ந்து 1927இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கன்றின் வழியாகவும், வாழை அசுவினி எனும் சிறு பூச்சியின் வழியாகவுமே நோய் பரவுகிறது என்பது அவர் கண்டது. மண் வழியாகவோ வெட்டும் கத்தி வழியாகவோ அது பரவுவதில்லை. நச்சுயிரியைப் பிரித்தறிவது 1990களின் தொடக்கத்தில்தான் இயன்றது. எனினும் அதற்கு அறுபது ஆண்டுகள் முன்பே, காரணியைக் கண்ணால் காணாமலே, பரவும் வழியை அறிந்து ஆஸ்திரேலியர் நோயைக் கட்டுக்குள் கொண்டு வந்தனர்.

அசுவினியைச் சிற்றூர்களில் செடிப்பேன் என்றும் கூறுவர். கருமை கலந்த பழுப்பு நிறமுடைய இப்பூச்சி, இலையுறையின் இடுக்குகளிலும் குருத்தின் அடியிலும் கூட்டமாக வாழும். நோயுற்ற மரத்தில் சில மணி நேரம் சாறு உறிஞ்சினால் நச்சுயிரி அதன் உடலுள் சேரும். பின்னர்ப் பல நாள்களுக்கு அதனைப் பரப்பும். பெரும்பாலான அசுவினிகள் சிறகற்றவை. கூட்டம் மிகும்போது சிறகுடையவை தோன்றிப் பறந்து செல்லும். இவற்றின் இனிய கழிவை நாடி எறும்புகள் வரும். எனவே வாழையின் தண்டில் எறும்புச் சாரியைக் கண்டால் உறையை விலக்கிப் பார்த்தல் நலம்.

இம்மலைகளின் மற்றொரு பயிரான ஏலத்துக்கும் அசுவினியால் கேடு நேர்ந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. ஏலத்தின் 'கட்டே' எனும் தேமல் நோயை வாழை அசுவினி பரப்புகிறது என்பதை உப்பல், வர்மா, கபூர் ஆகியோர் 1945இல் வெளிப்படுத்தினர். ஏலத்தில் வாழ்வதும் வாழையில் வாழ்வதும் நெருங்கிய உறவுடைய இரு வேறு இனங்கள் எனப் பின்னைய ஆய்வுகள் பிரித்துக் காட்டின. இரண்டு நோய்களின் நச்சுயிரிகளும் வெவ்வேறானவை. எனினும், சேம்பும் வாழையும் ஏலமும் அருகருகே வளரும் மலைத்தோட்டத்தில் அசுவினிக்கு ஆண்டு முழுவதும் இடம் கிடைத்தது என்பதில் ஐயமில்லை.

5. மலைவாழையின் வீழ்ச்சி

அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கின் மறையூரும் காந்தளூரும் அமைந்த மலைப்பகுதிக்குக் கிழக்கே பழனிமலைத் தொடர் தொடங்குகிறது. அதன் கீழ்மலைச் சரிவுகளில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் முதலிய ஊர்களில் விளைவது விருப்பாட்சி எனும் மலைவாழை. ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள பழைய பாளையமாகிய விருப்பாட்சியின் பெயரை அது தாங்கியுள்ளது. நீர்ப்பசை குறைந்த இப்பழம் எளிதில் அழுகாது. பழனிக் கோயிலின் பஞ்சாமிர்தம் நெடுநாள் கெடாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படும்.

1970களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேர் பரப்பில் விளைந்த மலைவாழை, முடிக்கொத்து நோயால் பின்னர் ஏறத்தாழ 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. இவ்வளவு பெரிய வீழ்ச்சி சமவெளி வாழைக்கு நேராமல் மலைவாழைக்கு நேர்ந்தது ஏன்? இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, பயிர்முறை. பாலக்காட்டு வயல்களில் நேந்திரன் பெரும்பாலும் ஆண்டுப் பயிர். அறுவடைக்குப் பின் நிலம் உழப்படும். மலைவாழையோ காப்பிக்கு நிழலாகவும் ஊடுபயிராகவும் நட்ட இடத்திலேயே கன்றின்மேல் கன்றாகப் பல ஆண்டுகள் நிற்பது. ஒருமுறை நோய் புகுந்த தூறு அகற்றப்படாவிடில், அது ஆண்டுதோறும் நோயை உற்பத்தி செய்யும் ஊற்றாகிவிடும்.

இரண்டாவது, நில அமைப்பு. செங்குத்தான சரிவுகளில் மரநிழலுக்கு இடையே சிதறி நிற்கும் வாழைகளை ஒவ்வொன்றாகப் பார்வையிடுவது கடினம். காய்ப்பு நின்ற பின் கைவிடப்பட்ட தோட்டங்கள் அசுவினிக்குப் புகலிடங்களாயின.

மூன்றாவது, கன்று வழங்கும் மரபு. நல்ல குலை ஈன்ற மரத்தின் கன்றை உறவினர்க்கும் அயலார்க்கும் கொடுப்பது மலையூர்களில் நல்லுறவின் அடையாளம். அவ்வாறு கொடுத்தவர் தம் கன்றில் நோய் உறைந்திருப்பதை அறியார், வாங்கியவரும் அறியார். நோய் புகுந்த நாளுக்கும் அடையாளம் வெளிப்படும் நாளுக்கும் இடையே பல வாரங்கள் கழியும். அந்த இடைவெளியில் கன்று மலைவழி ஏறி எல்லையையும் கடந்திருக்கும்.

6. சட்டமும் எல்லையும்

பயிர்நோய்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்வதைத் தடுக்க 1914ஆம் ஆண்டின் அழிவுப்பூச்சிகள், தீங்குயிர்கள் சட்டம் இடமளித்தது. அதன் கீழ், 1959இல் கேரளம் உள்ளிட்ட சில மாநிலங்களிலிருந்து வாழைக் கன்றுகளை வெளியே கொண்டு செல்வதற்குத் தடை விதிக்கப்பெற்றது. மொழிவழி மாநிலப் பிரிவினை 1956இல் நடந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் எம்மாநிலத்தைச் சேர வேண்டும் என்பது பற்றிய கிளர்ச்சியின் நினைவு மலைமக்களிடையே ஆறியிருக்க வாய்ப்பில்லை.

எல்லைக் கோட்டின் இருபுறமும் உறவினர் வாழ்ந்தனர். தோட்டத் தொழிலாளர் வந்து சென்றனர். சாக்குப் பையில் கொண்டு செல்லப்படும் நான்கு கன்றுகளைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவது எளிதன்று. எல்லைக்குள்ளேயே தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குச் செல்லும் கன்றையோ இத்தடை தொடவே இல்லை. ஆஸ்திரேலியாவில் தோட்டந்தோறும் ஆய்வாளர் சென்று பார்வையிட்டு, நோயுற்ற தூற்றை அழிப்பதைச் சட்டக் கடமையாக்கினர். நம் மலைகளில் தடை மட்டும் இருந்தது. தொடர்ந்த பார்வையிடல் இல்லை. இரண்டு நாடுகளின் விளைவுகள் வேறுபட்டதற்கு இது முக்கியக் காரணம் எனக் கருதலாம்.

7. மீட்பு முயற்சிகள்

1993இல் திருச்சிராப்பள்ளியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நிறுவப்பெற்றது. இம்மையமும், கீழ்ப்பழனிமலையில் தடியன்குடிசையிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தை உடைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மலைவாழையின் மீட்பில் ஈடுபட்டன. குருத்தின் நுண்ணிய நுனியைத் தனியே எடுத்துத் திசு வளர்ப்பு முறையில் பெருக்கி, நச்சுயிரி இல்லை எனச் சோதித்த பின்னரே கன்றுகளை வழங்குவது இம்முறையின் சாரம். திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றளிக்கும் தேசிய முறை 2006இல் நடைமுறைக்கு வந்தது. விருப்பாட்சி, சிறுமலை வாழைகள் புவிசார் குறியீட்டைப் பெற்றன. பழனிப் பஞ்சாமிர்தம் அதனை 2019இல் பெற்றது.

எனினும் ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். திசு வளர்ப்புக் கன்று நோயற்ற கன்று. நோய் வாராத கன்று அன்று. தூய கன்றை நோயுற்ற தூற்றின் அருகே நட்டால் அசுவினி அதனையும் சில வாரங்களில் நோயுறச் செய்யும். பணம் கொடுத்துக் கன்று வாங்கிய உழவர், அயல் தோட்டத்தின் அழியாத ஒரு தூற்றினால் அனைத்தையும் இழக்க நேரும். ஆகவேதான் மலைப்பகுதி ஒன்றில் நோயுற்ற மரங்களை அனைவரும் ஒருங்கே அகற்றிய பின்னரே புதிய கன்றுகளை நடுதல் வேண்டும் என வல்லுநர் வலியுறுத்துகின்றனர்.

8. தோட்டத்தில் செய்யத்தக்கவை

வீட்டுக் கொல்லையில் பத்து வாழை வைத்திருப்பவர்க்கும் இவ்வரலாறு சில நெறிகளைத் தருகிறது. கன்று எடுக்கும்போது தாய்மரத்தின் இலைக்காம்பை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தல் வேண்டும். கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தென்பட்டால் அத்தூற்றிலிருந்து எக்கன்றையும் எடுத்தல் ஆகாது. அகன்ற இலையுடைய நீர்க்கன்றை விடுத்து, குறுகிய இலையும் பருத்த கிழங்கும் உடைய ஈட்டிக்கன்றைத் தேர்தல் நன்று. ஆயினும் ஈட்டிக்கன்று என்பதாலேயே அது நோயற்றது ஆகிவிடாது.

நோய் உறுதியானால் மரத்தை உடனே வெட்டிச் சாய்த்தல் பிழை. தளர்ந்த மரத்திலிருந்து அசுவினிகள் அடுத்த மரத்துக்கு நகரும். முதலில் பூச்சியைக் கொல்லும் மருந்தைக் குருத்திலும் இலையுறைகளிலும் படுமாறு தெளித்து, அதன் பின்னரே மரத்தைக் கிழங்கோடும் பக்கக் கன்றுகளோடும் தோண்டி எடுத்துத் துண்டாக்கி உலர்த்துதல் வேண்டும். கிழங்கின் சிறு பகுதி எஞ்சினும் அது தளிர்த்து நோயைத் தொடரும். ஒரு கன்று மட்டும் நலமாகத் தோன்றுகிறது என விட்டுவைப்பது பலரும் செய்யும் தவறு. ஒரே கிழங்கின் வழி வந்தவை யாவும் நோயுற்றவை என்றே கொள்ளுதல் வேண்டும்.

9. முடிவுரை

முடிக்கொத்து நோய்க்கு மருந்தில்லை. நோயுற்ற ஒரு வாழையைக் காப்பாற்ற எவராலும் இயலாது. அதன் அருகிலுள்ள வாழைகளைக் காப்பாற்ற அனைவராலும் இயலும். தன் தோட்டத்தில் நிற்கும் மரத்தைத் தன் கையாலேயே அகற்றும் உழவர் தமக்காக மட்டும் அதனைச் செய்வதில்லை. அவர் இழப்பது ஒரு குலை. அயலார்க்குக் கிடைப்பது ஒரு தோட்டம். இந்த இழப்பை அவர்மீது மட்டும் சுமத்துவது முறையாகாது. அகற்றிய தூற்றுக்கு ஈடாகத் தூய கன்று ஒன்று அவருக்குக் கிடைக்குமாயின், இம்முயற்சி ஊர் முழுவதும் நிலைபெறும்.

கன்று கொடுக்கும் மரபின் வழியே நோய் பரவியது என்பது அம்மரபைக் கைவிடுவதற்குரிய காரணமாகாது. கொடுப்பதற்கு முன் காம்பைப் பார்த்துக் கொடுப்பது அம்மரபுக்குள் சேர வேண்டிய புதிய ஒழுக்கம். குறுநாம்பு என்று கூறுபவர்க்கும் முடிக்கொத்து என்று கூறுபவர்க்கும் இவ்வொழுக்கம் பொதுவாதல் வேண்டும். மலையின் இருபுறமும் அறிகுறிகளை அவரவர் மொழியில், பெயர் சுட்டும் நிலைக்கு முந்திய கரும்பச்சைக் கோடுகளிலிருந்தே தொடங்கிக் கற்பிப்பது இத்துறையில் இன்று உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும்.