பிறப்பு மாறிய நாயகியர்

உடன்குடியைச் சுற்றியுள்ள தேரிக்காட்டு ஊர்களிலும், அவற்றுக்கு வடக்கிலும் மேற்கிலும் விரியும் தாமிரபரணிப் பாசன ஊர்களிலும், கோயில் கொடையின்போது தெய்வத்தின் கதையை முதலிலிருந்து முடிவுவரை சொல்லும் பொறுப்பு வில்லுப்பாட்டுக் குழுவினருக்கு உரியது. கொடை என்பது ஊரார் வரி பிரித்துத் தம் தெய்வத்துக்கு எடுக்கும் விழாவாகும். வைரம் பாய்ந்த பனங்கழியில் நாண் பூட்டி, மணிகள் கட்டிய வில்லை மண்குடத்தின் மேல் சாய்த்து வைத்து, அந்த நாணை வீசுகோலால் அடித்தபடி தலைமைப் பாடகர் கதையைத் தொடங்க, உடுக்கு, தாளம், கட்டை ஆகியவற்றுடன் மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். அவருடைய பக்கத்தில் இருப்போரை வலத்தே பாடுவோர் என்றும், ஏற்றுப் பாடுவோரை இடத்தே பாடுவோர் என்றும் வழங்குவது இத்தொழிலின் மரபு. கதை பெரும்பாலும் ஏட்டிலிருந்தோ ஏட்டைப் பார்த்து எழுதிய நோட்டிலிருந்தோ பாடப்படுவதால், அதற்கு நிலையான ஒரு வடிவம் உண்டு என்ற எண்ணம் கேட்போருக்கு ஏற்படுவது இயல்பு. எனினும் ஒரே நாயகியின் கதையை இரண்டு ஏடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தால், அவள் எப்படி வாழ்ந்தாள், எப்படிச் செத்தாள் என்பதில் ஒன்றுபடும் அவ்வேடுகள், அவள் யாருக்குப் பிறந்தாள் என்னும் இடத்தில்தான் பிரிந்து செல்கின்றன.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. 1970களின் பிற்பகுதியில் தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டை ஆய்ந்து 1988இல் நூலாக வெளியிட்ட அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், இக்கதைகளைப் பிறப்பைப் பாடுபவை, இறப்பைப் பாடுபவை என இரு வகையாகப் பிரித்துப் பார்த்தார். கைலாயத்தில் சிவனருளால் தோன்றி மண்ணுலகுக்கு இறங்கிவரும் தெய்வங்களின் கதைகள் முதல் வகையைச் சேர்ந்தவை. இந்த மண்ணிலேயே பிறந்து, கொலையுண்டு அல்லது தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டு, பின்னர்த் தெய்வமாக நிலைபெற்ற மனிதர்களின் கதைகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கோமரத்தாடி, அதாவது தெய்வம் தன்மேல் இறங்க ஆடும் சாமியாடி, அருள் வந்து எழுவது பெரும்பாலும் இறப்பைப் பாடும் கட்டத்தில்தான். கதை தன் சொந்த ஊரை விட்டு வெளியே பரவும்போது முதலில் அதன் நாயகன் அல்லது நாயகி தெய்வமாக்கப்படுவதும், மேலும் பரவும்போது அவர்களுக்கு ஒரு தெய்வீகப் பிறப்பு கதையின் முன்பகுதியில் சேர்க்கப்படுவதும் அவர் சுட்டிய பொதுப் போக்கு. சாவை நேரில் கண்ட ஊருக்குப் பிறப்பைப் பற்றிய விளக்கம் தேவைப்படுவதில்லை. தொலைவிலிருந்து கேட்கும் ஊர்தான் இவள் யார் மகள் என்று கேட்கிறது.

உடன்குடிக்கு அருகிலுள்ள குலசேகரன்பட்டினத்தின் முத்தாரம்மனுக்கே இருவகைப் பிறப்பு சொல்லப்படுகிறது. தசரா விழாவுக்கு அடிப்படையாகச் சொல்லப்படும் தலபுராணத்தின்படி, அகத்தியரை மதிக்காத வரமுனி அவருடைய சாபத்தால் எருமைத் தலை பெற்று மகிடாசுரனாகிறான். முனிவர்களின் வேள்வியில் தோன்றிய பெண் குழந்தை ஒன்பது நாளில் வளர்ந்து பத்தாம் நாளில் அவனை அழிக்கிறாள். இங்கு அவளுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. வில்லில் பாடப்படும் அட்டகாளியர் கதையிலோ, நாகக்கன்னி இட்ட முட்டைகளிலிருந்து எட்டுப் பெண்கள் பிறக்கிறார்கள். அந்த எண்மரின் வரலாற்றோடு முத்தாரம்மனின் வரலாறும் பின்னப்படுகிறது. ஒன்று வேள்வித் தீ. மற்றொன்று பாம்பின் முட்டை. தசராவுக்கு மாலை அணிந்து, காளியாகவும் குறவனாகவும் அரசனாகவும் வேடம் பூண்டு, வீடுவீடாகக் காணிக்கை பெற்றுக் கடற்கரையில் சூரசம்காரம் காணச் செல்லும் பக்தருக்கு இவ்விரண்டில் எது மெய் என்பது ஒரு சிக்கலே அன்று. அம்மனின் பெற்றோர் யாராக இருந்தாலும் அதனால் எவருடைய நிலத்துக்கும், குடும்பத்துக்கும், சாதி மதிப்புக்கும் குறைவு வந்துவிடுவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

வட்டாரமெங்கும் பீடம் பெற்றுள்ள இசக்கியின் கதையில் பிறப்பு என்பது கதைக்குள்ளேயே வெளிப்படும் மறைபொருள். நகைக்காக அருச்சகன் ஒருவனால் கொல்லப்பட்ட தாசியும், அவளைத் தேடி வந்து அங்கேயே உயிர்விட்ட அவளுடைய அண்ணனும், சோழ அரசனின் இரட்டைக் குழந்தைகளாக, நீலன் நீலியாக, மறுபிறவி எடுக்கிறார்கள். இந்த நீலியே இசக்கி. இரவில் தொழுவத்து மாடுகள் ஒவ்வொன்றாக மடிய, தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகளே அதற்குக் காரணம் என்று கண்ட அரசன் அவர்களை வேப்ப மரத்தடியில் விட்டுவிடச் செய்கிறான். அரண்மனையில் பிறந்தாள் என்பது நீலிக்குப் பெருமை தருவதற்காகச் சொல்லப்படவில்லை. பெற்ற தந்தையே கைவிட்ட பிள்ளை என்பதால் அவளுடைய சினம் கேட்போருக்கு நியாயமாகிறது. அரசன் மகள் என்பதற்காக அவளை எவரும் உயர்த்திப் பேசுவதும் இல்லை.

கண்ணகி நிலை வேறு. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் அவள் புகார் நகரத்து மாநாய்கன் மகள் என்பது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க, புகழேந்தியார் பெயரில் பெரிய எழுத்து அச்சில் பரவிய கோவலன் கதையிலும், ஈழத்துக் கிழக்குக் கரையின் கண்ணகி கோயில்களில் படிக்கப்படும் கண்ணகி வழக்குரையிலும் அவள் பாண்டியனின் அரண்மனையோடு பிறப்பால் தொடர்புபட்டவள். அவளால் மதுரைக்கு அழிவு வரும் என்று கணிக்கப்பட, பேழையில் வைத்து நீரில் விடப்பட்டு, வணிகர் கையில் வளர்கிறாள். வழக்குரையிலும் சிங்களப் பத்தினி வழிபாட்டு மரபிலும் பாண்டியன் தோட்டத்து மாங்கனியிலிருந்து அவள் தோன்றுவதாகச் சொல்லப்படுகிறது. இம்மாற்றத்தால், கணவனை இழந்த வணிகக் குலப்பெண் அயல்நாட்டு அரசனிடம் நீதி கேட்ட வழக்கு, கைவிட்டவனிடம் மகள் திரும்பி வந்து கணக்குத் தீர்க்கும் கதையாகிவிடுகிறது. இளங்கோவின் வடிவமே வலிமையானது. உறவே இல்லாத அரசன் ஒருவன் ‘யானே கள்வன்’ என்று சொல்லி உயிர்விடுவதில் உள்ள அறத்தின் கனம் மற்ற வடிவங்களில் விதிப்பயனில் கரைந்துபோகிறது. ஆனால் இரவு முழுவதும் கதை கேட்கும் கூட்டத்துக்கு ஒரு நகரம் எரிவதற்குச் சிலம்பு மட்டும் போதுமான காரணமாகப் படவில்லை போலும். 9ஆம் நூற்றாண்டில் குணபத்திரர் இயற்றிய சமண உத்தரபுராணம் சீதையை இராவணனுக்கும் மண்டோதரிக்கும் பிறந்து பேழையில் இடப்பட்ட மகளாகச் சொல்வதும் இதே உந்துதலால் எழுந்ததே. 1941இல் படைக்கப்பட்ட ‘ஒண்டர் வுமன்’ என்னும் அமெரிக்கச் சித்திரக்கதை நாயகி, தாய் களிமண்ணில் வனைந்து உயிர் பெற்றவளாக எழுபது ஆண்டுகள் இருந்துவிட்டு, 2011இல் சீயஸ் என்னும் கிரேக்கக் கடவுளின் மகள் என்று வெளிப்படுத்தப்பட்டபோது, பழைய வாசகர்களில் பலர் அதை ஏற்க மறுத்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். தந்தை இல்லாமலே நிமிர்ந்து நின்றவளுக்கு ஒரு தந்தையைத் தேடிக் கொடுப்பது அவளை உயர்த்துவதா, தாழ்த்துவதா என்பதே அவர்களுடைய கேள்வி.

இக்கேள்வி தாமிரபரணிக் கரையில் மிகக் கூர்மையாக எழுந்தது முத்துப்பட்டன் கதையில்தான். கேரளத்து அந்தணக் குடும்பத்தின் இளையவனான முத்துப்பட்டன், அண்ணன்மாரோடு முரண்பட்டு வீட்டை விட்டு வெளியேறி, கொட்டாரக்கரை அரசனிடம் பணிபுரிந்து, பின்பு அண்ணன்மார் அழைக்கத் திரும்பும் வழியில், பாபநாசத்துக்கு மேலுள்ள காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் அக்கா தங்கையின் பாட்டைக் கேட்டு மனம் பறிகொடுக்கிறான். அவர்கள் வாலப்பகடையின் மக்கள். பகடை என்பது தோல் தொழிலும் மாட்டுக் காவலும் செய்த, சக்கிலியர் என்று அன்று அழைக்கப்பட்ட அருந்ததியரின் பட்டப்பெயர். பெண் கேட்டு வந்த அந்தணனை வாலப்பகடை உடனே நம்பிவிடவில்லை. பூணூலை அறுக்க வேண்டும், குடுமியை எடுக்க வேண்டும், செருப்புத் தைத்து விற்றுக் காட்ட வேண்டும் என்று அவன் நிபந்தனை போட, பட்டன் அனைத்தையும் செய்து முடிக்கிறான். தடுக்க முயன்ற அண்ணன்மார் அவனைக் கல்லாலான அறையில் அடைத்தும் பயனில்லை. திருமணம் முடிந்து, மாமனின் காவல் தொழிலையே தன் தொழிலாக ஏற்ற அவன், மாடு பிடிக்க வந்த கொள்ளையரை எதிர்த்து நின்று சூழ்ச்சியால் வெட்டுண்டு விழ, பெண்கள் இருவரும் அவனோடு தீப்புகுகிறார்கள்.

கதையின் ஆற்றல் முழுவதும் அந்த நிபந்தனையில் இருக்கிறது. உயர்ந்தவன் எனப்பட்டவன் இறங்கி வரவேண்டும், அதுவும் பெண்ணின் தந்தை சொல்லும் முறைப்படி இறங்கி வரவேண்டும் என்பது எந்த மேடையிலும் எளிதில் சொல்லக்கூடியதாக இருந்ததில்லை. ஆகவே பிற்காலத்து வடிவங்களில் இக்கதைக்கு முன்னால் ஒரு பிறப்பு வந்து சேர்ந்தது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் அந்தணக் குலத்தில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள் என்றும், வாலப்பகடை அவர்களை எடுத்து வளர்த்தவன் மட்டுமே என்றும் அப்பகுதி சொல்கிறது. இந்த ஒரு செய்தி உள்ளே நுழைந்தவுடன் சாதி கடந்த திருமணம் சாதிக்குள் நடந்த திருமணமாகிவிடுகிறது. பட்டன் அறுத்த பூணூலுக்கும் தைத்த செருப்புக்கும் பொருளே இல்லாமல் போகிறது. காசி அரசனின் மகனாகப் பிறந்து அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவனாக மதுரைவீரன் சொல்லப்படுவதும், 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படம் அப்பிறப்பையே எடுத்துக்கொண்டதும் இதே வழியில் நடந்தவையே.

நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980), நெல்லை ஆய்வுக் குழுவை நிறுவி ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தியவர். 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தபோது, பெண்களின் அந்தணப் பிறப்பு பின்னர்ச் சேர்க்கப்பட்டது என்றும், சாதி மீறலைப் பொறுக்க முடியாதவர்களுக்காகவே அது சேர்ந்தது என்றும் காட்டினார். பாடலின் உள்ளமைப்பே அவருடைய முடிவுக்குச் சான்றாகிறது. பெண்கள் அந்தணர் என்றால் அண்ணன்மார் அத்தனை கொடுமை செய்யவேண்டிய தேவை இல்லை. அந்த உண்மை கதையின் எந்தக் கட்டத்திலும் எவருக்கும் வெளிப்பட்டு எதையும் மாற்றுவதும் இல்லை. முன்னால் ஒட்டப்பட்ட பகுதி பின்னால் வரும் நிகழ்ச்சிகளைத் தொடவே இல்லை.

ஆயினும் கேட்போர் எல்லோரும் இந்தப் புதிய பிறப்பை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. காரையாற்றில் சொரிமுத்து ஐயனார் கோயில் வளாகத்தில் பட்டவராயன் என்ற பெயரில் முத்துப்பட்டன் பொம்மக்கா, திம்மக்காவுடன் நிற்கிறான். ஆடி அமாவாசைக்கு நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து ஆற்றங்கரையில் குடில் கட்டித் தங்கும் மக்கள், பட்டவராயன் சன்னதியில் புதுச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அடுத்த முறை வரும்போது அச்செருப்பு தேய்ந்திருக்கும், இரவில் அவன் அதைப் போட்டுக்கொண்டு காட்டைக் காவல் சுற்றுகிறான் என்பது நம்பிக்கை. கோயிலுக்குள் செருப்பைக் கொண்டுபோவதே தீட்டு என்று கருதும் நாட்டில், செருப்பையே தெய்வத்துக்குப் படைப்பது சாதாரணச் செயல் அன்று. வாலப்பகடையின் தொழிலை மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டான் என்பதையே அந்தக் காணிக்கை ஆண்டுதோறும் உறுதிசெய்கிறது. பெண்களின் தந்தை யார் என்ற வழக்கில் ஏடு ஒரு பக்கம் சாட்சி சொல்ல, வழிபாடு மறுபக்கம் சாட்சி சொல்கிறது. வழிபாட்டின் சாட்சியமே பழையது என்று கொள்வதில் தவறில்லை.

இதனால் பிறப்புப் பகுதிகள் மதிப்பற்றவை என்று ஆகிவிடாது. ஓர் ஊரார் கதையைக் கேட்டு முகம் சுளித்தார்களா, மகிழ்ந்தார்களா என்பதைப் பழைய காலத்தில் எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய மனநிலையின் எழுத்துத் தடயமாக மிஞ்சியிருப்பது கதையில் அவர்களுக்காகச் செய்யப்பட்ட மாற்றங்களே. பதிப்பாசிரியர்கள் மூலவடிவத்தைத் தேடும் முனைப்பில் அவற்றை இடைச்செருகல் என்று அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுவது, கேட்டவர்களின் குரலைத் தள்ளிவிடுவதாகவே முடியும். உடன்குடி முதல் பாபநாசம் வரை இன்னும் பாடப்படும் கதைகளைப் பதிவு செய்வோர், ஒவ்வொரு வடிவத்தையும் அது எந்தக் கோயிலில், எந்தச் சமூகத்தார் எடுத்த கொடையில், எவர் கேட்கப் பாடப்பட்டது என்ற விவரத்தோடு முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும்.