ஆவிலா: சுவருக்கு உள்ளே ஓர் இரவு, வெளியே ஒரு பகல்!

ஸ்பெயின் என்றதும் என்ன ஞாபகம் வரும்? பார்சிலோனா, ஃபுட்பால், தக்காளித் திருவிழா. டூர் பேக்கேஜ்களும் இதைத் தாண்டி அதிகம் போவதில்லை. ஆனால், மாட்ரிட்டிலிருந்து சுமார் 110 கி.மீ. தூரத்தில், ஊரையே ஒரு கோட்டைச்சுவர் முழுசாக வளைத்து நிற்கும் நகரம் ஒன்று இருக்கிறது. பெயர் ஆவிலா. படிப்புக்கோ, வேலைக்கோ, டூருக்கோ மாட்ரிட் பக்கம் போகிறீர்களா? ஒரு வீக் எண்டை இந்த ஊருக்கு எழுதி வையுங்கள்.

பெரும்பாலானவர்கள் இங்கே ஒரு தப்பு செய்கிறார்கள். காலையில் மாட்ரிட்டில் கிளம்பி, சுவர் முன்னால் நாலு செல்ஃபி எடுத்து, மதியமே பக்கத்திலிருக்கும் செகோவியாவுக்கு ஓடிவிடுகிறார்கள். அப்படிப் போனால் சுவர் மட்டும்தான் கண்ணில் படும். அந்தச் சுவர் யாரை உள்ளே வைத்தது, யாரை வெளியே தள்ளியது என்பதுதான் ஆவிலாவின் நிஜக் கதை. அதைப் பார்க்க ஓர் இரவாவது தங்க வேண்டும்.

எப்படிப் போவது?

மாட்ரிட்டின் சமார்தின் ஸ்டேஷனிலிருந்து ரயில் இருக்கிறது. எந்த ரயில் என்பதைப் பொறுத்து ஒன்றரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பஸ்ஸும் உண்டு. ஆவிலா ஸ்டேஷனில் இறங்கினால் கோட்டைவாசல் வரை நடந்தே போய்விடலாம். ஊர் சின்னது என்பதால், உள்ளே டாக்ஸியோ மெட்ரோவோ தேவைப்படாது. நல்ல ஷூ இருந்தால் போதும்.

ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். ஆவிலா சுமார் 1,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்பெயினின் மாகாணத் தலைநகரங்களிலேயே உயரமானது இதுதான். குளிர்காலத்தில் பனி கொட்டும். மாட்ரிட் வெயிலில் வேர்த்துக்கொண்டு கிளம்பினாலும், கோடையில்கூட இங்கே ராத்திரிக்கு ஒரு ஜாக்கெட் வேண்டும்.

சனி காலை: சுவர் மேலே ஒரு வாக்கிங்

சுமார் 2,500 மீட்டர் சுற்றளவு, 12 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம், 9 வாசல்கள். 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த சுவர் இது. கொத்தளங்கள் எத்தனை என்று கேட்டால் சிலர் 87 என்பார்கள், சிலர் 88 என்பார்கள். டைம் இருந்தால் நீங்களே எண்ணிப் பாருங்கள்! 1985-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, சுவரையும் பழைய நகரத்தையும் மட்டும் சேர்க்கவில்லை. சுவருக்கு வெளியே இருக்கும் தேவாலயங்களையும் சேர்த்துக்கொண்டது. ஏன் என்று ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கே புரியும்.

டிக்கெட் வாங்கினால் சுவரின் கணிசமான பகுதியில் மேலேயே நடக்கலாம். படிகள் செங்குத்தாக இருக்கும், மேலே நிழல் கிடையாது. காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. ஒரு பக்கம் ஓட்டுக்கூரைகள், மணிக்கூண்டுகள், அவற்றின் உச்சியில் நாரைக்கூடுகள். மறுபக்கம் வெட்டவெளியும் தூரத்து மலைகளும். 'எதிரி வந்தால் எப்படித் தெரிந்திருக்கும்' என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, பார்த்தாலே புரியும்.

எதிரி வந்த கதையும் ஒன்று உண்டு. 1109-ல் ஊர் ஆண்கள் எல்லாம் போருக்குப் போயிருந்த நேரம், முஸ்லிம் படை ஒன்று நெருங்கியதாம். ஹிமேனா பிளாஸ்கேஸ் என்ற பெண், மற்ற பெண்களைத் திரட்டி, ஆண்களின் தொப்பிகளை மாட்டி, சுவர் முழுக்க நிறுத்தினாராம். 'உள்ளே இவ்வளவு பெரிய படையா' என்று வந்தவர்கள் திரும்பிப் போனார்களாம். இது ஊர் சொல்லும் கதை, ஆதாரம் கேட்கக் கூடாது. ஆனால், சுவர் மேல் நின்று கேட்கும்போது நம்பத் தோன்றும்.

கீழே இறங்கியதும் கிழக்குப் பக்கச் சுவரைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். சில கற்கள் வித்தியாசமாக இருக்கும். பழைய ரோமானியக் கல்லறைக் கற்களைப் பெயர்த்து வந்து சுவரில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

சனி மதியம்: கோட்டையாகவும் நிற்கும் கோயில்

ஆவிலா கதீட்ரலின் பின்பகுதி, கோட்டைச்சுவரின் ஒரு கொத்தளமாகவே கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே பிரார்த்தனை, வெளியே காவல்! ஸ்பெயினின் முதல் கோதிக் கதீட்ரல் என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். உள்ளே போனதும் தூண்களைப் பாருங்கள். வெள்ளைக் கல்லில் ரத்தம் தெறித்ததுபோல் சிவப்புத் திட்டுகள். பெயின்ட் அல்ல, இந்தப் பகுதியில் கிடைக்கும் கல்லின் இயற்கையான நிறமே அதுதான்.

பலிபீடத்துக்குப் பின்னால் 'எல் தொஸ்தாதோ' என்ற 15-ஆம் நூற்றாண்டு பிஷப்பின் கல்லறைச் சிற்பம் இருக்கிறது. மனுஷன் எழுதிக் குவித்தவர். பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களை 'தொஸ்தாதோவை விட அதிகமா எழுதுறான்' என்று ஸ்பெயின்காரர்கள் இன்றும் சொல்வார்கள். சிற்பத்திலும் அவர் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்.

அங்கிருந்து தென்மேற்கு மூலைக்கு நடந்தால் 'மாலாவெந்தூரா' வாசல் வரும். 'துரதிர்ஷ்டம்' என்று அர்த்தம். இந்தப் பக்கம்தான் யூதர்கள் வாழ்ந்தார்கள். இடைக்கால ஆவிலாவில் யூத சமூகம் பெரியது. யூத மறைஞானத்தின் முக்கிய நூலான 'ஸோஹர்' உருவானதோடு தொடர்புபடுத்தப்படும் மோசே தெ லெயோன் வாழ்ந்த ஊரும் இது. 1480-ல் வந்த அரச உத்தரவுக்குப் பிறகு யூதர்கள் தனிப் பகுதியில் ஒதுக்கப்பட்டார்கள். 1492-ல் 'மதம் மாறு, இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போ' என்று அடுத்த உத்தரவு. கொடுத்த அவகாசம் சுமார் நான்கே மாதம். இன்று அங்கே அமைதியான தெருக்களும் சின்னத் தோட்டமும்தான் இருக்கின்றன. ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

சாப்பாடு: வெஜ் ஆட்கள் உஷார்!

ஆவிலாவின் ஸ்டார் 'சுலேத்தோன்'. உள்ளூர் மாட்டின் எலும்போடு வெட்டிய கனமான இறைச்சித் துண்டைச் சுட்டுத் தருவார்கள். சாதாரணமாக இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடலாம். மிளகாய்ப்பொடி சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு 'ரெவோல்கோனாஸ்', நம் நாக்குக்குச் சட்டென்று ஒத்துப்போகும். எல் பார்கோ என்ற பக்கத்து ஊரின் வெள்ளை பீன்ஸும் ஃபேமஸ்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: உருளைக்கிழங்கு என்று ஆர்டர் செய்தாலும் மேலே பொரித்த பன்றிக்கொழுப்பு வரும். பீன்ஸிலும் பன்றி இறைச்சி இருக்கும். 'சின் கார்னே, சின் ஹமோன்' என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். கறியும் வேண்டாம், ஹாமும் வேண்டாம் என்று அர்த்தம். சிலர் ஹாமைக் கறிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்பதால் இரண்டையும் சொல்வது நல்லது.

பார்களில் ஒரு டிரிங்க் சொன்னாலே, கூடவே சின்னத் தட்டில் ஏதாவது தின்ன வைப்பது இந்த ஊர் வழக்கம். ஜூஸ் சொன்னாலும் கேட்டுப் பாருங்கள். மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். 7 மணிக்கே பசிக்கும் நம் வயிற்றுக்கு இந்தச் சின்னத் தட்டுகள்தான் துணை.

இனிப்புக்கு 'யேமாஸ்'. முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் சேர்த்து உருட்டிய குட்டி உருண்டை. ஊருக்கு வாங்கிப் போக ஏற்றது, ஆனால் சீக்கிரம் சாப்பிட்டுவிட வேண்டும்.

சனி இரவு: நாலு தூணும் ஓடிப்போன சிறுமியும்

இருட்டியதும் மேற்கு வாசல் வழியாக வெளியே வந்து, அதாஹா ஆற்றுப் பாலத்தைக் கடந்து, எதிர்மேட்டில் ஏறுங்கள். 'குவாத்ரோ போஸ்தெஸ்', அதாவது நான்கு தூண்கள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால், மொத்தச் சுவரும் விளக்கொளியில் தங்க நிறத்தில் மின்னும். மதியமே கிளம்பியவர்கள் மிஸ் பண்ணிய காட்சி இதுதான்.

இந்த இடத்துக்கும் ஒரு கதை. 16-ஆம் நூற்றாண்டில் தெரேசா என்ற சிறுமி, 'மதத்துக்காக உயிரை விடணும்' என்று அண்ணனைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினாள். சித்தப்பா இந்த இடத்தில்தான் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தார் என்பது ஊர் வழக்கு. அந்தச் சிறுமிதான் பின்னாளில் அவிலா புனித தெரேசாள் (1515-1582).

அன்னை தெரசா என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். அன்னை தெரசா தன் பெயரை எடுத்தது பிரான்ஸின் லிசியே தெரேசாளிடமிருந்து. அவரோ, ஆவிலா தெரேசாள் சீர்திருத்திய கார்மேல் சபையின் துறவி. நமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. நம் முத்துக்குளித்துறை கடற்கரையில் ஊழியம் செய்த சவேரியாருக்கும், தெரேசாளுக்கும் புனிதர் பட்டம் கிடைத்தது ஒரே நாளில், 1622 மார்ச் 12-ல்!

ஞாயிறு: வாசலுக்கு வெளியே

தெரேசாள் பிறந்த வீடு இருந்த இடம் சுவருக்கு உள்ளே. இப்போது அங்கே ஒரு தேவாலயமும், அவரது விரல் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கும் அறையும் இருக்கின்றன. ஆனால், அவர் வாழ்ந்து சாதித்த இடங்கள் எல்லாம் சுவருக்கு வெளியேதான்.

வடக்கே என்கார்னாசியோன் மடம். 1535-ல் சேர்ந்து, சுமார் 30 ஆண்டுகள் வாழ்ந்த இடம். பக்கத்திலேயே பழைய யூத இடுகாட்டின் நினைவாக 'செஃபாரத் தோட்டம்'. கிழக்கே சான் ஹோசே மடம். வசதிக்கேற்ப மரியாதை கிடைத்த பெரிய மடத்தைவிட்டு வந்து, ஊரின் எதிர்ப்பை மீறி 1562-ல் அவர் தொடங்கிய முதல் எளிய மடம் இது. சாகும்வரை 17 மடங்களை நிறுவினார். 1970-ல் 'திருச்சபையின் மறைவல்லுநர்' என்ற பட்டம் பெற்ற முதல் பெண்ணும் இவர்தான்.

போகும் வழியில் சான் விசென்தே பசிலிக்காவையும் பாருங்கள். ரோமானியர் காலத்தில் கொல்லப்பட்ட விசென்தே, அவர் சகோதரிகள் இருவரின் கதை, ஒரு கல்லறை மேடையில் காமிக்ஸ் போலக் கட்டம் கட்டமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக, தென்கிழக்கே சாந்தோ தோமாஸ் மடம். 19 வயதில் இறந்துபோன இளவரசர் ஹுவானின் வெள்ளைப் பளிங்குக் கல்லறை இங்கே இருக்கிறது. அரசி இசபெல்லாவின் ஒரே மகன் அவர். தூங்குவதுபோலவே இருக்கும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நகர முடியாது.

இதே மடத்தில் அடக்கம் செய்யப்பட்ட இன்னொருவர் தோர்கெமாதா, ஸ்பானிய மதவிசாரணை மன்றத்தின் முதல் தலைமை விசாரணையாளர். யூதர்களை வெளியேற்றியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. யூதர்களிடமிருந்து பறித்த சொத்தின் ஒரு பகுதியும் இந்த மடத்தின் கட்டுமானத்துக்கு வந்தது.

இப்போது இதையும் கேளுங்கள். தெரேசாளின் தாத்தா ஹுவான் சான்சேஸ், யூத மதத்திலிருந்து மாறியவர். 1485-ல் தொலேதோ நகரில், ரகசியமாகப் பழைய மதத்தைப் பின்பற்றினார் என்று அந்த விசாரணை மன்றம் அவரைத் தண்டித்தது. அவமானச் சின்னமான அங்கியைப் போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் ஊர்வலமாக நடக்க வைத்தது. அதன்பிறகுதான் குடும்பம் ஆவிலாவுக்கு வந்து துணி வியாபாரம் செய்தது. இந்த விவரம் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வெளியே தெரிந்தது. தோர்கெமாதாவின் கல்லறை பிற்காலத்தில் சிதைக்கப்பட்டுவிட்டது. அவர் மன்றம் தலைகுனிய வைத்தவரின் பேத்தி பெயரில்தான் இன்று இந்த ஊரில் வாசல், சதுக்கம், தேவாலயம், இனிப்பு எல்லாமே இருக்கின்றன.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

* ஷெங்கன் விசாவுக்கு சில வாரங்கள் முன்னாடியே அப்ளை செய்யுங்கள்.

* சுவர், மடங்கள், மியூசியங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி நேரம், தனி விடுமுறை. மதிய இடைவேளையும் உண்டு. முதல் நாளே ஆன்லைனில் பார்த்துவிடுங்கள்.

* முடிந்தால் சுவருக்கு உள்ளேயே ரூம் எடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் அந்தக் கல்தெருக்களில் உங்கள் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

* அக்டோபர் 15 தெரேசாள் திருவிழா. ஊரே களைகட்டும், ரூம் கிடைப்பது கஷ்டம். அவர் இறந்தது 1582 அக்டோபர் 4 இரவு. அன்று காலண்டரைத் திருத்தியதால், அடுத்த நாள் அக்டோபர் 15 ஆகிவிட்டது!

* ஞாயிறு மாலை ரயிலுக்கு முன், அல்காசார் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். உள்ளே இருக்கும் சதுக்கத்தின் பெயர் 'சின்னச் சந்தை'. வாசலுக்கு வெளியே இருப்பது 'பெரிய சந்தை'. வெளியே உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.