சேறும் சீமெந்தும்: துளைக்கிணற்றின் வரலாறும் மட்டக்களப்பின் நீரும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்நிலம் எழுவான்கரை எனப்படும்; வாவிக்கு மேற்கேயுள்ள வயல்நிலம் படுவான்கரை எனப்படும். எழுவான்கரையின் இருமருங்கும் உப்புநீரே. ஆயினும் அம்மணலைச் சில முழம் தோண்டியவிடத்து நன்னீர் ஊறுகின்றது. பூவல், துரவு, கொட்டுக்கிணறு என்னும் சொற்கள் இந்நீரைப் பெற இப்பகுதி மக்கள் கைக்கொண்ட முறைகளைக் காட்டுவன. மணலினூடே இறங்கிய மழைநீர், தன்னிலும் கனமான உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்பதே இவ்வூற்றுக்குக் காரணமாகும். ஒல்லாந்தரான கைபன் 1880களின் இறுதியிலும், செருமானியரான ஏர்ஸ்பேர்க் 1901 இலும் இவ்வுண்மைக்குக் கணக்கு வகுத்தனர். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது அக்கணக்கு. மேலுள்ள ஓரடியை இறைத்துத் தீர்ப்பவன் கீழிருக்கும் நாற்பதடியையும் இழக்க நேரும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையின் கிணறுகளை உப்பாக்கியபோது இக்கணக்கின் பொருள் வெளிப்பட்டது. கிணற்றைத் தூய்மைப்படுத்தும் நோக்குடன் மீண்டும் மீண்டும் இறைத்தவிடத்துக் கீழிருந்த உப்புநீர் மேலெழும் நிலை உண்டாயிற்று. மழையே நிலத்தைப் பையப்பையக் கழுவி ஆற்றியது. நிலத்தைத் துளைப்போர் யாவரும் எதிர்நோக்கும் முதல் வினா, ஒன்றோடொன்று கலக்கலாகாத நீர்மங்களை எவ்வாறு பிரித்து வைப்பது என்பதாகும். கொட்டுக்கிணறு அதற்கு ஒரு விடை. எண்ணெய்க் கிணற்றில் இடப்படும் சேறும் சீமெந்தும் அதே வினாவுக்குக் காணப்பட்ட பிற்கால விடைகளாம்.

சேற்றின் வரலாறு

1859 இல் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் எண்ணெய்க்காகத் துளையிட்டபோது மேல்மண் சரிந்து துளையைத் தூர்த்தது. அவர் பாறை எட்டும்வரை இரும்புக் குழாயை அடித்திறக்கி, அதனூடே துளைத்து, 70 அடிக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில் எண்ணெய் கண்டார். மணற்கிணற்றில் கொட்டு இறக்குவோனின் அறிவும் இதுவே. ஆழம் பெருகியபோது இம்முறை மட்டும் போதவில்லை. துளையினுள் நீரைச் செலுத்தி மண்ணைக் கழுவி வெளியேற்றும் முறையைப் பிரான்சில் ஃபோவெல் என்பார் 1840களிலேயே கையாண்டிருந்தார். எனினும் தளர்ந்த மணலைத் தெளிந்த நீரால் தாங்க இயலவில்லை.

இக்குறை 1901 ஜனவரி 10 இல் எண்ணெய் பீறிட்ட ரெக்சாஸ் மாநிலத்து ஸ்பிண்டில்ரொப் மேட்டில் நீங்கிற்று. அங்கு துளையிட்ட ஹமில் சகோதரர் மாடுகளைக் குட்டையில் மிதிக்கவிட்டு நீரைக் கலக்கி, அக்கலங்கல் சேற்றையே துளையினுள் செலுத்தினர் என்று கூறப்படுகின்றது. சேறு துளைச்சுவரில் மெழுகினாற்போல் ஒட்டிச் சரிவைத் தடுத்தது. அதே கிணற்றில் எண்ணெய் ஒன்பது நாள் அடங்காது பீறிட்டமை, சுவரைத் தாங்கிய சேறு ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கும் கனம் பெற்றிருக்கவில்லை என்பதையும் உடன் உணர்த்தியது.

இன்றைய துளைச்சேறு ஆய்வுகூடத்தில் அளவிட்டு ஆக்கப்படுவது. அது துளைக்குழாயினூடே கீழிறங்கி, துளைமுனையைக் குளிர்வித்து, உடைந்த கற்றுகள்களைச் சுமந்து குழாயின் வெளிப்புறமாக மேலேறுகின்றது. பென்ரனைற்று என்னும் களிமண், ஓடும்போது இளகியும் நிற்கும்போது கூழாகியும், பம்பி நின்றவேளையிலும் துகள்களைத் தாங்கிநிற்கும். நீரினும் நான்கு மடங்குக்கு மேல் கனமுள்ள பாரைற்று என்னும் கனிமம் சேற்றுக்குக் கனமூட்டும். ஆந்திரத்தின் மங்கம்பேட்டை இதற்குப் பெயர்பெற்ற இடமாகும். சேறு இலேசாயின் பாறையிலுள்ள வாயுவும் எண்ணெயும் துளையினுட் பாயும்; மிகக் கனமாயின் பாறை பிளந்து சேற்றை விழுங்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய எல்லையிலேயே துளைப்போர் தொழில் நடைபெறுகின்றது.

சீமெந்தின் வரலாறு

சேறு தற்காலிகக் காவல். நிலையான காவல் சீமெந்தாகும். 1903 இல் கலிபோர்னியாவின் லொம்பொக் எண்ணெய்வயலில் பிராங்க் ஹில் என்பார் ஐம்பது மூடை சீமெந்தைக் கரைத்துக் கிணற்றின் அடியில் இட்டு இறுகவைத்தார். 1910 இல் அல்மொண்ட் பேர்க்கின்ஸ் இரு அடைப்பான்களுக்கிடையே சீமெந்துக் கரைசலைச் செலுத்தும் முறையைக் கண்டார். முன்செல்லும் அடைப்பான் கரைசலைச் சேற்றிலிருந்து பிரிக்கும். பின்செல்வது அதனைக் குழாயின் அடிவரை தள்ளி, குழாய்க்கும் பாறைக்கும் இடைப்பட்ட வெளியில் மேலேற்றும். 1919 இல் ஏர்ல் ஹலிபேர்ட்டன் ஒக்லகோமாவில் தொடங்கிய தொழில் இதனை உலகெங்கும் பரப்பிற்று.

ஹில் அன்று தடுக்க முயன்றது எண்ணெயை அன்று, நீரையே என்பது ஈண்டு நோக்கற்பாலது. மேற்படை நீர் எண்ணெய்மணலிற் புகுந்து அதனைக் கெடுப்பதாகக் கிணற்றுடையோர் அஞ்சினர். கலிபோர்னியா அரசு 1915 இல் எண்ணெய்க் கிணறுகளை மேற்பார்வை செய்ய அதிகாரியை நியமித்தமைக்கும் இதுவே பெருங்காரணமாயிற்று. நீரிலிருந்து எண்ணெயைக் காக்க எழுந்த நுட்பமும் சட்டமுமே பிற்காலத்தில் எண்ணெயிலிருந்தும் உப்பிலிருந்தும் குடிநீரைக் காக்கும் கருவிகளாயின. ஒரு தொழிலின் நுட்பம் யாரைக் காக்கும் என்பதை நுட்பம் தானே தீர்மானிப்பதில்லை. அதனைக் கேட்டுப் பெறுவோரே தீர்மானிக்கின்றனர்.

சீமெந்தின் குறைபாடு கண்ணுக்குத் தெரியாதது. குழாய் துளையின் நடுவே நில்லாது ஒருபுறம் சாய்ந்தாலோ, பழைய சேறு முற்றாக அகலாவிட்டாலோ, சீமெந்தினூடே ஒரு கால்வாய் எஞ்சும். அதன்வழி வாயு ஏறும். 2010 ஏப்பிரல் 20 இல் மெக்சிக்கோ வளைகுடாவின் மக்கொண்டோ கிணற்றில் அடியில் இட்ட சீமெந்து தடையாக நிற்கவில்லை. அழுத்தச் சோதனையின் அறிகுறிகள் தவறாகப் பொருள் கொள்ளப்பட்டன; கனமான சேற்றை அகற்றி இலேசான கடல்நீர் இடப்பட்டது. பதினொருவர் மாண்டனர், 87 நாள் எண்ணெய் கடலிற் பாய்ந்தது.

பேசாலை முதல் மன்னார்க்கடல் வரை

இலங்கையில் இந்நுட்பம் கால்கொண்டது மன்னார்த் தீவிலாகும். 1961 இல் நிறுவப்பட்ட பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு 1970களின் நடுப்பகுதியில் பேசாலையில் கிணறுகளைத் துளைத்தது. 1974 இல் இந்தியாவும் இலங்கையும் செய்த கடலெல்லை உடன்படிக்கை, எல்லையின் இருபுறமும் பரந்த எண்ணெய்ப்படிவு காணப்படின் இருநாடுகளும் உடன்பாடு காண முயலவேண்டும் எனக் கூறியமை அக்கால எதிர்பார்ப்பைக் காட்டும். பேசாலையிலும், தொடர்ந்து பாக்கு நீரிணைப் பகுதியிலும் துளைத்த கிணறுகள் வணிகப் பயன் தரவில்லை.

2011 இல் மன்னார்க்கடலில் கெயர்ன் நிறுவனம் சிக்கியூ என்னும் யப்பானியத் துளைக்கப்பலைக்கொண்டு ஏறத்தாழ 1,350 மீற்றர் ஆழமான நீரின்கீழ் துளைத்து, டொராடோ எனப் பெயரிட்ட கிணற்றில் வாயு கண்டது. அடுத்த கிணறான பரக்கூடாவிலும் வாயு தென்பட்டது. ஆயினும் அந்நிறுவனம் 2015 இல் விலகியது.

கீழைக்கடல்

மட்டக்களப்பின் தரைக்கீழ் உள்ளது விஜயன் தொகுதி எனப்படும் தொன்மையான பளிங்குருப் பாறை. எண்ணெய்க்கு ஏற்ற அடையற்பாறை கடலிலேயே தேடப்படுகின்றது. கீழைக்கடலில் ஜே.எஸ். 5, ஜே.எஸ். 6 எனக் குறிக்கப்பட்ட பரப்புகளை ஆராய 2016 இல் பிரான்சின் ரொற்றல் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. அங்கு துளைக்கும் கிணறு எழுவான்கரையின் நன்னீர் வில்லையை நேரே தொடாது. ஆனால் வாவியோ முகத்துவாரத்தின் வழியே கடலோடு மூச்சுவிடுவது. இறாலும் மீன்குஞ்சும் புகும் அவ்வாயிலினூடே எண்ணெயும் புகலாம். 2020 செப்டெம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் என்னும் கப்பல் ஏறத்தாழ 2,70,000 தொன் எண்ணெயுடன் தீப்பற்றியபோது, சரக்கு எண்ணெய் கடலிற் கலவாது தப்பியமை இக்கரையின் நற்பேறாயிற்று.

நற்பேற்றைக் காவலாகக் கொள்ளலாகாது. கீழைக்கடலில் என்றேனும் துளைப்பு நிகழுமாயின், கிடைக்கும் செல்வத்தின் அளவோடு வேறு சில வினாக்களும் எழவேண்டும். பயன்படுத்திய சேறும் கற்றுகளும் எங்கே இடப்படும்? இறுகிய சீமெந்தைச் சோதிப்பவர் யார்? அச்சோதனையின் முடிவைக் கரையிலுள்ளோர் பார்க்க இயலுமா? கைவிடப்படும் கிணற்றின் அடைப்புக்குப் பிற்காலத்தில் பொறுப்பாவார் யார்? ஓரடி நீரை இழப்பின் நாற்பதடி போகும் என்பதைத் தன் கிணற்றிலேயே கண்ட மண் இவ்வினாக்களைக் கேட்கும் உரிமையுடையது. அவற்றுக்குரிய விடைகளை ஆராய்ந்து மக்கள் மொழியில் எடுத்துரைப்பது பல்கலைக்கழகங்களில் பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் உரிய கடனாகும்.