ஈரலைத் தொட்டுப் பார்த்த கதை: விரலில் இருந்து ஊசி வரை

கள்ளக்குறிச்சின்னாலே 2024 ஜூன்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால். ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தை அமிலமாக்கி, கண் நரம்பைக் கெடுத்து, கொன்றுவிடும். ஆனால் ஈரலைத் தின்பது சாதாரண சாராயத்தில் இருக்கும் எத்தனால். அது வருஷக் கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும், செய்தியில் வராது. (கல்வராயன் மலைன்னாலே சாராயம்னு பேசுறவங்களுக்கு ஒரு வார்த்தை: மஞ்சள் காமாலை பி வைரஸும், சர்க்கரையோடு வரும் கொழுப்பு ஈரலும் இதே வேலையைத்தான் செய்யுது.)

இப்படித் தழும்பேறிச் சுருங்கிய ஈரலுக்கு 1819-ல் 'சிரோசிஸ்' என்று பெயர் வைத்தவர், ஸ்டெதஸ்கோப் கண்டுபிடித்த அதே லேனெக். கிரேக்க மொழியில் பழுப்பு கலந்த மஞ்சள் நிறம்னு அர்த்தம். நிறம் தெரியணும்னா வயிற்றைத் திறந்து பார்த்திருக்கணும் இல்லையா? உயிரோடு இருப்பவரிடம் டாக்டருக்கு இருந்தது விரல் மட்டும்தான். வலது விலாவுக்குக் கீழே கை வச்சு "மூச்சை நல்லா இழுங்க"ன்னு சொல்றோமே, அதுதான். ஈரல் இறங்கி வந்து விரலில் இடிக்கும்போது மெத்துன்னு இருக்கா, கட்டையா இருக்கான்னு பார்ப்போம்.

1991-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜோனதன் ஓஃபிர் குழு இதையே படமாக்கியது. அழுத்தும் முன் ஒரு ஸ்கேன், லேசா அழுத்தி இன்னொரு ஸ்கேன். மென்மையான இடம் நசுங்கும், கடினமான இடம் நசுங்காது. பெயர் எலாஸ்டோகிராஃபி. 2003-ல் பாரிஸ்காரர்கள் வேறு வழி சொன்னார்கள்: விலா இடுக்கில் மெல்ல ஒரு தட்டு, அந்த அதிர்வு ஈரலுக்குள் ஓடும் வேகத்தை அளந்தால் போதும். ஈரல் கடினமாக ஆக வேகம் கூடும். அதுதான் ஃபைப்ரோஸ்கேன்.

சரி, புற்றுக்கட்டிக்கு இது எதுக்கு? சிரோசிஸ் ஈரலில் கட்டி வந்தால் பல நேரம் கத்தி வைக்க முடியாது. மிச்சம் இருக்கும் ஈரல் தாங்காது. அதனால் 1990-களில் இருந்து ஊசியைக் கட்டிக்குள் இறக்கிச் சூட்டில் வேகவைக்கிறார்கள். கட்டி 3 செ.மீ.க்குள் இருக்கணும், சுற்றிலும் அரை செ.மீ.யாவது சேர்த்து வேகணும். சுற்றியுள்ள ஈரல் எவ்வளவு கடினம்னு முன்கூட்டியே அளந்தால், அது இந்தச் சூட்டைத் தாங்குமான்னு கணிக்க உதவும். ஒரு வேடிக்கை, சிரோசிஸ் ஈரலில் சில சமயம் கட்டியே சுற்றுப்புறத்தை விட மென்மையா இருக்கும். 'கடினம்னா கட்டி'ங்கிற பழைய விரல் கணக்கு அங்கே செல்லாது.

இன்னொரு சிக்கல், சூடேறியதும் வாயுக் குமிழி கிளம்பி ஸ்கேன் முழுக்க வெள்ளை மேகமாகிடும். எதுவரை வெந்ததுன்னு தெரியாது. ஆனால் வெந்த முட்டை மாதிரி, வெந்த திசுவும் கெட்டியாகும். 2002 வாக்கில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோமி வர்கீஸ் குழு, கெட்டியான அந்த எல்லையை எலாஸ்டோகிராஃபியில் காட்டியது. பிறகு, உள்ளே இருக்கும் அதே ஊசியைத் துளி அசைத்தே படம் எடுத்தார்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது.

இத்தனையும் கட்டி சின்னதா இருக்கும்போதுதான். சிரோசிஸ்னு சொல்லப்பட்டவங்களுக்கு 6 மாசத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்றது அதுக்குத்தான். வெள்ளிமலையில் இருந்து பஸ் ஏறி வர ஒரு நாள் கூலி போகும்னு தெரியும். தெரிஞ்சுதான் கேட்கிறேன், கூட்டிட்டு வாங்க.