இரவல் பூச்சாடி

1810 ஜூலை 20. வெள்ளிக்கிழமை, சந்தை நாள். பொகோட்டாவின் பெரிய சதுக்கத்தில் கூட்டம் நெரிந்தது. மூலைக் கடையில் இருந்தவர் ஹொசே கொன்சாலெஸ் யொரெந்தே, ஸ்பெயினில் பிறந்த வணிகர். உள்ளூர்க்காரர்கள் சிலர் அவரிடம் பூச்சாடி ஒன்றை இரவல் கேட்டார்கள். அரச ஆணையர் அந்தோனியோ வில்லாவிசென்சியோ வருகிறார், விருந்து மேசையை அலங்கரிக்க வேண்டும் என்றார்கள்.

யொரெந்தே மறுத்தார். கேட்டவர்களுக்கு வேண்டியதும் அதுதான். முன்கூட்டியே பேசிவைத்த வம்பு! வாய்ச்சண்டை கைகலப்பாகி, சந்தைக் கூட்டமே திரண்டது. அன்றிரவே புதிய ஆட்சிக் குழு அமைந்தது. ஸ்பெயினின் வைஸ்ராயையே அதற்குத் தலைவராக்கியவர்கள், அடுத்த மாதமே அவரை ஊரைவிட்டு அனுப்பிவைத்தார்கள். கொலம்பியாவின் சுதந்திர தினம் இன்றும் ஜூலை 20தான். அந்த மூலை வீடு இப்போது அருங்காட்சியகம். அந்தப் பூச்சாடியின் மிச்சம் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

விருந்துக்குரிய வில்லாவிசென்சியோ பிறகு விடுதலைப் பக்கம் சேர்ந்தார். 1816-ல் ஸ்பானியப் படை ஊரை மீட்டபோது, ஜூன் மாதம் அவரைச் சுட்டுக் கொன்றது.

அதே ஆண்டில்தான் பேராலயத்தின் பக்கவாட்டுத் தெருவில் ஒரு சின்ன உணவகம் திறந்தது. பெயர் 'லா புவெர்த்தா ஃபால்சா', அதாவது பொய்க் கதவு. உள்ளே ஒண்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் குளிர் ஊர் இது. இங்கே சுடச்சுடச் சாக்லேட் பானத்துக்குள் பாலாடைக்கட்டியைப் போட்டு, அது இளகியதும் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். இனிப்பில் உப்பா என்று முகம் சுளிக்க வேண்டாம். பாயசத்துக்கு அப்பளம் நொறுக்கிப் போடுகிறவர்கள் நம்மிலும் உண்டு!

மதியம் என்றால் 'அஹியாகோ'. மூன்று வகை உருளைக்கிழங்கு, கோழி, சோளக் கதிர் சேர்த்துக் கொதிக்கவைத்த சூப். ஒரு வகைக் கிழங்கு கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். மற்றவை துண்டாகவே நிற்கும். 'குவாஸ்காஸ்' என்ற கீரைதான் அதன் மணம். அது இல்லாவிட்டால் அஹியாகோவே இல்லை என்பார்கள் ஊர்க்காரர்கள். ஸ்பானியர் வருமுன்பே இந்தப் பீடபூமியின் முயிஸ்கா மக்கள் உருளைக்கிழங்கு பயிரிட்டவர்கள்.

உணவகத்திலிருந்து ஏழாம் சாலை வழியாக வடக்கே நடந்தால், பத்து நிமிடத்துக்குள் இன்னொரு விருந்தின் கதை. அதுவும் நடக்கவில்லை.

1948 ஏப்ரல் 9, பகல் ஒரு மணி கடந்திருந்தது. லிபரல் கட்சித் தலைவர் ஹோர்ஹே எலியேசர் கய்த்தான் நண்பர்களோடு மதிய உணவுக்குக் கிளம்பி, அலுவலக வாசலில் கால் வைத்தார். குண்டுகள் பாய்ந்தன. அதே நேரம், சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் தன் விடுதியில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். செய்தி கேட்டுத் தெருவுக்கு ஓடிய அவருக்கு வயது 21. பெயர் கேப்ரியல் கார்சியா மார்க்கேஸ். நகரம் பற்றி எரிந்தது. டிராம் வண்டிகளோடு அவரது விடுதியும் தீக்கிரையானது. தொடர்ந்த பத்தாண்டு வன்முறையில் நாடெங்கும் இறந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர்.

கய்த்தான் விழுந்த இடத்தில் சுவரில் நினைவுப் பலகைகள் இருக்கின்றன. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தங்க அருங்காட்சியகம். 1969-ல் ஒரு குகையில் கிடைத்த முயிஸ்கா தங்கத் தெப்பம் அங்கேதான் இருக்கிறது. அதன் கதை அடுத்த வாரம்.